கிழிந்த ஒலிபெருக்கி பாடிய பாட்டு

‘ஹெவி மெட்டல்’ என்றதும் வேதியியல் மாணவருக்கு ஈயம், பாதரசம், காட்மியம் ஆகியவை நினைவுக்கு வரும். நாம் இங்கே காணப்போவது அவற்றை அன்று. 1970ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் உருப்பெற்றுப் பின்னர் உலகெங்கும் பரவிய ராக் இசை வகை ஒன்றுக்கும் இதே பெயர். ‘ஸ்டெப்பன்வுல்ஃப்’ குழுவினர் 1968இல் வெளியிட்ட ‘பார்ன் டு பி வைல்ட்’ என்னும் பாட்டில் இவ்விரு சொற்களும் வருகின்றன. சாலையில் விரையும் வண்டியின் முழக்கத்தைச் சொல்ல வந்த சொற்கள் அவை. ஓர் இசை வகையின் பெயராக நிலைத்தது அதன் பின்னரே.

இவ்விசையைப் பிடிக்காதவர்கள் ‘காதைக் கிழிக்கும் இரைச்சல்’ என்பர். பிடித்தவர்களோ அந்த உரப்பைத்தான் முதலில் புகழ்வர். ஆக, இரு சாராரும் ஒன்றில் ஒத்துப்போகின்றனர்: இது உரத்த இசை. இதன் தோற்றத்தைப் பற்றி எழுதுவோரும் பெரும்பாலும் இந்த வழியிலேயே செல்கின்றனர். 1950களில் சிறிய பெருக்கிகள் இருந்தன. 1960களில் பெரிய பெருக்கிகள் வந்தன. ஓசை கூடிக்கொண்டே போய் ஒரு நாள் ஹெவி மெட்டல் ஆயிற்று என்பது அவர்கள் சொல்லும் கதை. அடுப்பில் வைத்த நீர் சூடேறிச் சூடேறி 100 பாகையில் கொதிப்பதைப் போன்ற கதை. இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் இதை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. அக்காலத்து இசைத்தட்டுகளை ஆண்டு வரிசையில் கேட்டுப் பார்த்தவன் என்ற முறையில் இன்னும் இயலவில்லை.

வாட்டும் காதும்

முதலில் உரப்பை எடுத்துக்கொள்வோம். 10 வாட் பெருக்கியை அகற்றிவிட்டு அவ்விடத்தில் 100 வாட் பெருக்கியை வைத்தால் ஓசை பத்து மடங்காகிவிடும் என்றே பலரும் எண்ணுவர். ஒலிச்செறிவு பத்து மடங்காவது உண்மை. ஆனால் நம் செவி ஏறக்குறைய மடக்கைக் கணக்கில் வேலை செய்யும் கருவி. செறிவு பத்து மடங்கானால் ஒலிமட்டம் 10 டெசிபல் உயரும். அதைச் செவி ஏறத்தாழ இரு மடங்கு உரப்பாகவே உணரும். பத்து ரூபாய் கொடுத்து இரண்டு ரூபாய்ச் சரக்கு வாங்குவது போன்ற பேரம் இது.

உரப்பு மட்டுமே போதும் என்றால் ஹெவி மெட்டல் கலிஃபோர்னியக் கடற்கரையில் பிறந்திருக்க வேண்டும். அங்கே டிக் டேல் என்ற கிட்டார் கலைஞர் தம் பெருக்கிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பொசுக்கிக்கொண்டிருந்தார். கிட்டார் உற்பத்தியாளரான லியோ ஃபெண்டர் அவர் பொருட்டே ‘ஷோமேன்’ என்ற பெரிய பெருக்கியைச் செய்து கொடுத்தார். 1962இல் வெளிவந்த டேலின் ‘மிஸர்லூ’ என்ற இசைத்தட்டைக் கேளுங்கள். தந்தியை மேலும் கீழுமாக மின்னல் வேகத்தில் தட்டி வாசிக்கும் அந்த முறையைப் பிற்கால மெட்டல் கலைஞர் பலர் தமதாக்கிக்கொண்டனர். வேகம் இருக்கிறது, உரப்பு இருக்கிறது. ஆயினும் அது ஹெவி மெட்டலின் வாசலில்கூட நிற்கவில்லை. காரணம், அந்த ஓசை தெளிவானது. ஃபெண்டர் விரும்பியதே அதைத்தான்: எவ்வளவு உரக்க ஒலித்தாலும் தந்தியின் குரல் மாறக்கூடாது.

மாறவேண்டும். அதில்தான் இருக்கிறது செய்தி.

ஒரு நல்ல பெருக்கியின் கடமை, உள்ளே வரும் அலையின் வடிவத்தை மாற்றாமல் அதன் வீச்சை மட்டும் பெரிதாக்குவது. ஆனால் எந்தப் பெருக்கிக்கும் ஓர் எல்லை உண்டு. வால்வுக்கு அளிக்கப்படும் மின்னழுத்தம் வரைதான் அலை எழ முடியும். அதற்கு மேலும் தள்ளினால் முகடும் அகடும் வெட்டுண்டு தட்டையாகும். கூரை தாழ்ந்த வீட்டில் நெட்டையானவர் கழுத்தைக் குனிந்து நிற்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். வடிவம் மாறிய அலையில் முன்பு இல்லாத மேற்சுரங்கள் வந்து புகுந்துகொள்கின்றன. இருபுறமும் ஒரே அளவாக வெட்டுண்டால், அடிப்படை அதிர்வெண்ணைப் போல 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்கு என்று ஒற்றைப்படையாக வரும். வால்வு மெல்ல வளைத்து வெட்டும். டிரான்சிஸ்டர் கத்தரியால் நறுக்கினாற்போல் வெட்டும். இதற்குத் திரிபு என்று பெயர். பாடநூலில் இது குறைபாடுகளின் பட்டியலில் இடம்பெறுகிறது. ‘திரிபைக் குறைக்கும் வழிகள் யாவை?’ என்று தேர்வில் கேட்கிறோம். கூட்டும் வழிகளைக் கேட்ட வினாத்தாளை நான் இதுவரை கண்டதில்லை.

திரிபினால் மற்றொன்றும் நிகழ்கிறது. மீட்டிய தந்தியின் அதிர்வு உடனே தேயத் தொடங்கும். கிட்டாரின் இயல்பே அது. ஆனால் அலை வெட்டுண்டிருக்கும் வரை, உள்ளே வரும் வீச்சு குறைந்தாலும் வெளிவரும் வீச்சு ஏறக்குறைய அப்படியே நிற்கும். தந்தி தேய்ந்து அந்தக் கூரைக்குக் கீழே இறங்கிய பிறகே ஓசை தணியும். அதாவது, மீட்டும் கருவி ஒன்று ஊதும் கருவியின் குணத்தைப் பெற்றுவிடுகிறது. இந்த ஒரு மாற்றத்தின் விளைவுகளை உணர்ந்து பயன்படுத்த ராக் இசைக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன.

பழுதுகளின் வரலாறு

1951 மார்ச்சு மாதம். மிசிசிப்பி மாநிலத்திலிருந்து ஐக் டர்னரின் குழுவினர் மெம்ஃபிஸ் நகரிலுள்ள சாம் ஃபிலிப்சின் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் காரில் புறப்பட்டனர். வழியில் கிட்டார் கலைஞர் வில்லி கிஸார்ட்டின் பெருக்கி சேதமடைந்தது. செப்பனிட நேரமில்லை. கிழிந்த கூம்புக்குள் காகிதத்தைத் திணித்து அப்படியே பதிவு செய்தனர். ‘ராக்கெட் 88’ என்ற அந்தப் பாட்டில் கிட்டார், சாக்சஃபோன் என்று ஐயுறும்படி உறுமுகிறது. இதே ஆண்டு இதே கூடத்தில் ஹவ்லின் வுல்ஃப் பாடிய ‘ஹவ் மெனி மோர் இயர்ஸ்’ பாட்டுக்கு வில்லி ஜான்சன் வாசித்த கிட்டாரும் இப்படித் தடித்தது, கரடுமுரடானது. இவர்கள் எல்லாரும் கறுப்பின மக்கள். பருத்தி வயல்களின் நாட்டில் பிறந்த புளூஸ் இசையின் வாரிசுகள். ஹெவி மெட்டல் வரலாறு 1960களின் இலண்டனில் தொடங்குவதாக எழுதுவோர் இந்த இரண்டு வில்லிகளின் பெயரையும் விட்டுவிடுகிறார்கள். இது சிறிய தவறன்று.

1958இல் லிங்க் ரே வெளியிட்ட ‘ரம்பிள்’ முற்றிலும் கருவியிசை. விரும்பிய ஓசை கிடைக்கவில்லை என்பதற்காகத் தம் பெருக்கியின் ஒலிபெருக்கிக் கூம்பில் பென்சிலால் துளையிட்டார் அவர். மெம்ஃபிசில் தற்செயலாக நேர்ந்ததை இவர் வேண்டுமென்றே செய்தார். ‘ரம்பிள்’ என்பது அக்காலக் கொச்சை வழக்கில் தெருச் சண்டையைக் குறிக்கும். இளைஞர்களைக் கலகத்துக்குத் தூண்டும் என்று அஞ்சி நியூயார்க், பாஸ்டன் போன்ற நகரங்களில் வானொலி நிலையங்கள் இதை ஒலிபரப்ப மறுத்தன. ஒரு சொல்கூட இல்லாத இசைத்தட்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஓர் அலையின் வடிவத்துக்குத் தடை விதித்த நிகழ்ச்சி வரலாற்றில் வேறு உண்டா, தெரியவில்லை! மெதுவாக, இடைவெளி விட்டு விட்டு விழும் அந்தச் சுரக்கூட்டுகளில் ஓர் அச்சுறுத்தல் இருப்பது மெய்தான். ஆனால் லிங்க் ரே அகலமான முழுச் சுரக்கூட்டுகளையே தட்டுகிறார். திரிபு கூடினால் அது சேறாகிவிடும். அவர் அளவோடு நிறுத்திக்கொண்டார்.

நாஷ்வில் நகரில் மற்றொரு பழுது. மார்ட்டி ராபின்சின் ‘டோன்ட் வொரி’ பாட்டைப் பதிவு செய்யும்போது கலவை மேசையிலிருந்த மின்மாற்றி ஒன்று கெட்டுப்போனது. கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பாஸ் கிட்டாரின் குரல், பாட்டின் நடுவே திடீரென்று வண்டுக் கூட்டம்போல இரைந்தது. அதை நீக்காமல் வெளியிட்டனர். பாட்டு வெற்றி பெற்றது. ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதை மீண்டும் உண்டாக்கும் மின்சுற்று ஒன்றை அமைத்தார். கிப்சன் நிறுவனம் அதையே ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் 1962இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூன்று ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் கொண்ட, காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டி. பழுது விலைக்குக் கிடைக்கத் தொடங்கியது!

வாங்கத்தான் ஆளில்லை. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ‘சேட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாட்டில் அதைப் பயன்படுத்திய பிறகே விற்பனை சூடுபிடித்தது. ரிச்சர்ட்சின் எண்ணம் என்ன தெரியுமா? அந்த இடத்தில் பின்னர் ஊதுகருவிகளைச் சேர்க்க வேண்டும், அதுவரை அடையாளத்துக்கு இது இருக்கட்டும் என்பதுதான். மேலே சொன்ன இயற்பியலை அவர் காது சரியாகவே கண்டுகொண்டிருக்கிறது: திரிந்த கிட்டார், எக்காளத்தின் உறவுக்காரன். ஆயினும் அவருக்கு அது பதிலாள். சொந்த உரிமையுள்ள குரலாகப் படவில்லை. என் கணிப்பில் அதுவரை வந்த எல்லாத் தட்டுகளிலும், ஒன்றைத் தவிர, திரிபு என்பது இலையின் ஓரத்தில் வைத்த ஊறுகாய். சோறு வேறு எதுவோ.

சவர அலகு

அந்த ஒன்று, ‘தி கிங்க்ஸ்’ குழுவின் ‘யூ ரியலி காட் மீ’. 1964 ஆகஸ்டில் வெளிவந்து அடுத்த மாதமே பிரிட்டனில் முதலிடத்தைப் பிடித்தது. கிட்டார் வாசித்த டேவ் டேவிஸ் அப்போது பதினேழு வயதுப் பையன். ‘எல்பிக்கோ’ என்ற சிறிய மலிவான பெருக்கியின் ஒலிபெருக்கிக் கூம்பைச் சவர அலகால் கீறிக் கிழித்தார். அதன் வெளியீட்டை இன்னொரு பெரிய பெருக்கிக்குள் செலுத்தி வாசித்தார். கிழிந்த கூம்பின் விளிம்புகள் ஒன்றோடொன்று மோதி அதிரும்போது தந்தியில் இல்லாத மேற்சுரங்கள் எழும்.

தம்புராவின் குதிரையில் நூல் வைத்து ஜீவா பிடிப்பவர்களுக்கு இது வியப்பாக இராது. தந்தி குதிரையின் வளைந்த பரப்பை உரசி உரசி விலகுவதால் மேற்சுரங்கள் கொத்தாகப் பூக்கின்றன. தம்புராவிலும் வீணையிலும், தந்தியை எந்த இடத்தில் மீட்டினாலும், பழைய விதிப்படி கேட்கக்கூடாத மேற்சுரங்களும் கேட்கின்றன என்று சர் சி. வி. இராமன் 1921இல் எழுதினார். சவர அலகும் பருத்தி நூலும் செய்வது அடிப்படையில் ஒரே வேலை: நேர்போக்கான ஓர் அமைப்பை நேர்போக்கற்றதாக்குவது. ஒன்று நயமாகச் செய்கிறது, மற்றது முரட்டுத்தனமாக.

ஆனால் கூம்பைக் கிழித்ததற்காக மட்டும் இந்தத் தட்டை நான் தனியே எடுத்து வைக்கவில்லை. கிழிந்த கூம்புக்கு எந்த வாசிப்பு பொருந்தும் என்பதையும் அந்தப் பையன் கண்டுகொண்டான். இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் கூட்டை மேனாட்டார் ‘கார்டு’ என்பர். வழக்கமான கார்டில் மூன்று சுரங்கள் உண்டு. நம் முறையில் ச, க, ப என்று கொள்வோம். கிட்டாரின் ஐந்தாம் தந்தியைத் திறந்து மீட்டினால் 110 ஹெர்ட்சு. அதைச் ச என்று வைத்தால், கிட்டாரின் கட்டைகளில் க 138.6 ஹெர்ட்சு, ப 164.8 ஹெர்ட்சு. தெளிவான பெருக்கியில் மூன்றும் மூன்றாகவே வெளிவரும். திரிபுள்ள பெருக்கியிலோ அவை ஒன்றோடொன்று கலந்து, கூட்டல் கழித்தல் அதிர்வெண்களையும் ஈன்றுவிடும். கழித்துப் பாருங்கள்: க-வுக்கும் ச-வுக்கும் இடையே 28.6, ப-வுக்கும் க-வுக்கும் இடையே 26.2. இரண்டும் கிட்டத்தட்டச் சமம், ஆனால் சமமில்லை. வினாடிக்கு 2.4 வீதம் அவை ஒன்றோடொன்று உரசி விம்மல்களை எழுப்பும். மேலே பிறக்கும் மற்றக் கலவைகளிலும் இதே உரசல்தான். சேறு என்று முன்பு சொன்னது இதைத்தான்.

இப்போது க-வை எடுத்துவிடுங்கள். எஞ்சுவது ச, ப. இவற்றின் விகிதம் ஏறத்தாழ 2:3. கழித்தால் 54.8, அதாவது ஏறக்குறைய 55 ஹெர்ட்சு. ச-வின் சரிபாதி, கீழ் ஸ்தாயிச் ச! கூட்டல், கழித்தல், இரட்டித்துக் கழித்தல் என்று எப்படிச் செய்தாலும் விடை 55இன் மடங்காகவே அமையும். கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தியே 82.4 ஹெர்ட்சுதான். ஆக, எந்தத் தந்தியிலும் இல்லாத ஒரு மந்திரச் சுரம் பெருக்கிக்குள் பிறக்கிறது. சிறிய ஒலிபெருக்கிகள் 55 ஹெர்ட்சை நன்றாக வெளியிடா என்பது உண்மை. அதனால் பாதகமில்லை. 55இன் மடங்குகள் வரிசையாக வரக் கேட்கும் செவி, விடுபட்ட அடிப்படையைத் தானே நிரப்பிக்கொள்ளும். பிற்காலத்தில் ‘பவர் கார்டு’ என்று பெயர் பெற்ற இரு சுரக் கூட்டு இதுவே. ஹெவி மெட்டலின் ‘கனம்’ என்று ரசிகர்கள் உணர்வது பெரும்பாலும் இந்தப் பிறவாத் தந்தியின் குரலைத்தான். வாட்டுகளைக் கூட்டுவதால் இது வராது.

‘யூ ரியலி காட் மீ’ பாட்டில் இவ்வகைக் கூட்டுகள் இரண்டே இரண்டு, ஒரு முழுச்சுர இடைவெளியில் மாறி மாறித் திரும்பத் திரும்ப வருகின்றன. இப்படித் திரும்ப வரும் குறுந்தொடருக்கு ‘ரிஃப்’ என்று பெயர். வழக்கமான பாட்டுகளில் ரிஃப், பாடலுக்குத் துணை. இங்கோ பாடுபவரே ரிஃபின் பின்னால் ஓடுகிறார். சற்று நேரத்தில் அதே அமைப்பை அப்படியே தூக்கி ஒருபடி மேலே வைக்கிறார்கள். பிறகு இன்னும் மேலே. ஒரு கனமான பெட்டியைப் படிக்கட்டில் ஏற்றுவது போல இருக்கும். முதலில் இப்பாட்டை மெதுவாக, எதிரொலி சேர்த்துப் பதிவு செய்தனர். குழுவினர் அதை ஏற்காது மறுபதிவுக்குப் பிடிவாதம் பிடித்தனர் என்பதும் அறியத்தக்கது. தமக்கு வேண்டிய ஓசை எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நடுவில் வந்தவர்கள்

அடுத்த ஐந்தாண்டுகளில் நடந்தவற்றை வரலாற்று நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. நான் சுருக்கமாகவே செல்வேன். இலண்டனில் ஜிம் மார்ஷல் என்ற முரசுக் கலைஞர் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். அவருடைய கடையில் 1962இல் உருவான பெருக்கி, 1965இல் ‘தி ஹூ’ குழுவின் பீட் டவுன்ஷெண்டு கேட்டதற்கிணங்க 100 வாட் அளவுக்கு வளர்ந்தது. எட்டு ஒலிபெருக்கிகளை ஒரே பெட்டியில் அடைத்துக் கேட்டார் டவுன்ஷெண்டு. சுமப்பவர்களின் முதுகு முறியும் நிலை வரவே, அதை இரண்டாகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினர். மேடையில் சுவர்போல் நிற்கும் மார்ஷல் அடுக்கு அப்படிப் பிறந்தது. முன்னர்ச் சொன்ன கணக்கின்படி இதனால் உரப்பு கூடியது கொஞ்சம்தான். கூடியது பின்னூட்டம். ஒலிபெருக்கியின் ஓசை திரும்பிவந்து தந்தியையே அதிரச் செய்யும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. சுரம் தேயாமல் நின்றது. சில வேளைகளில் வளரவும் செய்தது.

1967இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இதையெல்லாம் தம் கைக்குள் கொண்டுவந்தார். ‘பர்ப்பிள் ஹேஸ்’ பாட்டின் தனிவாசிப்பில் அவர் பயன்படுத்திய ‘ஆக்டேவியா’ என்னும் கருவி, அலையின் கீழ்ப்பாதியை மேலே மடித்துவிடும். முழு அலைத் திருத்தியைப் படித்த மாணவர்களுக்கு இது புரியும்: அதிர்வெண் இரட்டித்து மேல் ஸ்தாயி பிறக்கும். ஹெண்ட்ரிக்சின் மேதைமையை யாரும் மறுக்க இயலாது. ஆனால் அவருடைய ஓசை மேலே பறக்க விரும்பியது. தரையில் ஊன்ற விரும்பவில்லை. ‘கிரீம்’ குழுவின் ‘சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்’ ரிஃப் இன்றும் சலிக்காதது. அக்குழுவின் மேடைத் தனிவாசிப்புகளோ எனக்குச் சலிக்கின்றன. 1968இல் சான்ஃபிரான்சிஸ்கோவின் ‘புளூ சியர்’ குழுவினர் எடி காக்ரனின் பழைய பாட்டு ஒன்றை மிகை உரப்பில் வாசித்து வெளியிட்டனர். ஹெவி மெட்டலின் முதல் தட்டு அதுவே என்று வாதிடுவோர் உண்டு. உரப்புக் கட்சியின் சிறந்த சாட்சி அது. கேட்டுப் பார்த்தால், பழைய ராக் அண்டு ரோல் பாட்டுக்குப் பெரிய சட்டை மாட்டியிருப்பது தெரியும். பாட்டு அந்தச் சட்டைக்கு வளரவில்லை.

‘லெட் ஸெப்பெலின்’ குழுவைச் சொல்லாமல் போக முடியாது. 1969இல் வந்த ‘ஹோல் லாட்டா லவ்’ ரிஃப், இறுக்கத்திலும் எடையிலும் கிங்க்ஸ் காட்டிய வழியின் அடுத்த கட்டம். ஆனால் அப்பாட்டின் பின்னே ஒரு கடன் உண்டு. சிகாகோவின் வில்லி டிக்சன் எழுதி, மட்டி வாட்டர்ஸ் 1962இல் பாடிய ‘யூ நீட் லவ்’ என்ற பாட்டின் சொற்களை இது எடுத்தாண்டது. டிக்சனின் பெயர் தட்டில் இல்லை. 1985இல் டிக்சன் வழக்குத் தொடுத்தார். 1987இல் நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு ஏற்பட்டது. அவர் பெயரும் பின்னர்ச் சேர்ந்தது. அதுவரை பதினெட்டு ஆண்டுகள். மின்சுற்றை அமைத்தவர் பெயரும் பெருக்கி செய்தவர் பெயரும் விளம்பரப் பலகையில் நிலைபெற்ற அதே காலத்தில், பாட்டைத் தந்தவர் தம் பெயருக்காக நீதிமன்றப் படி ஏற நேர்ந்தது. இந்த இசையை மனமாரப் புகழ்பவர்களும் இதைச் சொல்லிவிட்டே புகழ வேண்டும்.

பர்மிங்ஹாமில் ஒரு விபத்து

பர்மிங்ஹாம் ஒரு தொழில் நகரம். உலோகப் பட்டறைகளின் ஓசையே ‘பிளாக் சப்பாத்’ குழுவின் இசையாயிற்று என்று சொல்வது ஒரு வழக்கமாகிவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. எவ்வளவு உண்மை என்று அளக்க வழியில்லை. பட்டறை அந்த இசைக்குச் செய்த வேறொன்று ஐயத்துக்கு இடமில்லாதது. டோனி ஐயோமி என்ற பதினேழு வயது இளைஞர் தகடு வெட்டும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தார். வேலையை விட்டு விலகும் கடைசி நாளில் இயந்திரம் அவர் வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைத் துண்டித்தது. அவர் இடக்கைக்காரர், எனவே தந்திகளை அழுத்திப் பிடிக்க வேண்டிய கை அது. இனி வாசிக்க முடியாது என்றனர். ஆலையின் மேற்பார்வையாளர் அவருக்கு ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினார்; தீ விபத்தில் இரு விரல்கள் முடங்கிய பின்னும் உலகப் புகழ் பெற்ற கிட்டார் மேதை அவர். ஐயோமி பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்து, அதன்மேல் தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டி மீண்டும் தொடங்கினார்.

அந்த விரல்களுக்குச் சிக்கலான கார்டுகள் கடினம். இரு சுரக் கூட்டு எளிது. கிங்க்ஸ் பையன் காதால் கண்டதை, ஐயோமிக்கு அவர் காயமும் சேர்ந்து கற்பித்தது என்று சொன்னால் மிகையாகாது. 1970 பிப்ரவரி 13ஆம் நாள் வெளிவந்த முதல் தட்டில், குழுவின் பெயரையே கொண்ட பாட்டைக் கேளுங்கள். மூன்றே சுரங்கள்: ச, மேல் ஸ்தாயிச் ச, பிறகு பிரதி மத்திமம். மெதுவாக, மிக மெதுவாக. குழுவின் பாஸ் கலைஞர் கீசர் பட்லர் அந்நாட்களில் ஹோல்ஸ்ட் என்ற ஆங்கில இசையமைப்பாளரின் ‘மார்ஸ்’ என்னும் பகுதியில் ஈடுபாடு கொண்டிருந்தார். அதன் நிழலும் இங்கே உண்டு.

இந்த இடைவெளியைப் ‘பிசாசின் சுரம்’ என்றும், இடைக்காலத் திருச்சபை இதைத் தடை செய்தது என்றும் எழுதாத ரசிகரே இல்லை. தடைக்குச் சான்று கிடையாது. அந்தப் பெயரும் 18ஆம் நூற்றாண்டு இசை நூல்களில்தான் தென்படத் தொடங்குகிறது. கல்யாணி ராகம் கேட்கும் நமக்குப் பிரதி மத்திமத்தில் எந்தப் பிசாசும் தெரிவதில்லை. இங்கே அது அச்சம் தருவதற்குக் காரணம் சுரம் அன்று, வைத்த இடம். ச-வோடு சேர்த்து ஒரே நேரத்தில் ஒலித்திருந்தால், 1:1.414 என்ற எளிமையற்ற விகிதத்தால் திரிபுள்ள பெருக்கியில் வெறும் கூச்சலாகியிருக்கும். ஐயோமி அதை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார். ஒவ்வொரு சுரமும் தனியே உறுதியாக நிற்கிறது. மோதல் காலத்தில் நிகழ்கிறது. பெருக்கியின் இயல்பை அறிந்து அதற்கென்றே இசையை அமைத்த முதல் முழுமையான எடுத்துக்காட்டு என்று இதைத்தான் சொல்வேன். இங்கே திரிபு ஊறுகாய் அன்று. அதை எடுத்துவிட்டால் இலையில் எதுவும் மிஞ்சாது.

அந்தத் தட்டை அவர்கள் ஒரே நாளில் பதிவு செய்து முடித்தனர். அதே நகரில் 2025 ஜூலை 5 அன்று குழுவின் இறுதி நிகழ்ச்சி நடந்தது. பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் அம்மாதம் 22ஆம் நாள் மறைந்தார்.

1971இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ தட்டின் சில பாட்டுகளில் ஐயோமி தந்திகளை மூன்று அரைச்சுரம் தளர்த்தினார். விரல் வலி குறையவும் ஓசை கனக்கவும் ஒரே வழி. மிகத் தாழ்ந்த தந்தி 82.4இலிருந்து 69.3 ஹெர்ட்சுக்கு இறங்கியது. அதிர்வெண், இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம் அல்லவா? கணக்கிட்டால் இழுவிசை ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்திருப்பது தெரியும். தளர்ந்த தந்தி அகலமாக ஊசலாடும். ஓங்கி மீட்டிய கணத்தில் அது சற்று நீண்டு இழுவிசை கூடுவதால் சுருதி இம்மியளவு மேலேறி, பின் இறங்கி அமரும். அத்தட்டின் கடைசிப் பாட்டான ‘இன்டு தி வாய்ட்’ கையில் கிடைத்தால், உரப்பைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். கனம் குறையாது.